கருப்பு எடுத்த பூ

மாசி 8, வெள்ளி

காலையில் நல்ல பனி. கூடத்துச் சுவரில் பேரப்பிள்ளைகள் படங்களைத் துடைத்தேன். மூத்தவன் சரவணன் பேங்கில் ஆபீஸர், போன மாதம் புதுக் கார். இளையவன் முத்து சிலம்பத்தில் மாவட்டக் கப். பேத்தி கயல் எம்.இ., சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. எங்கள் வம்சத்திலேயே முதல் எம்.இ. நான் அஞ்சாங் கிளாஸ். கயல் படம்தான் பழசு, ரெட்டைச் சடை.

மத்தியானம் கயல் வந்தாள். கூட வேலை பார்க்கும் ஜோசப்பைக் கட்டிக்கொள்ள ஆசை. வேதக்காரப் பையன், சர்ச்சுக் குடும்பம், அப்பா சோழவந்தானில் வாத்தியார். என் மகன் பாண்டி தீபாவளியிலிருந்து மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று இறங்கி வந்தான், பாதி. குலசாமி கருப்பிடம் பூப் போட்டுக் கேட்பது. வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் கயல் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். அவளும் சரி என்றுவிட்டாள். ஆனால் சோற்றில் கை வைக்கவில்லை.

வாங்க: சூடம், தேங்காய் 2, என் மூட்டு மாத்திரை.

மாசி 9, சனி

வெயில். சரவணன் காரில் பாண்டி, கயல், நான். மருமகளுக்குப் பயம், விளக்கேற்றி வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

ஒத்தக்கடையில் டயர் பஞ்சர். சகுனம் சரியில்லை என்றான் பாண்டி. பஞ்சர் கடை வாசலிலேயே ஆனது நல்ல சகுனம் என்றேன் நான். மேலூர் தாண்டி, போன் காட்டிய வழியில் போனான் சரவணன். கண்மாய்க் கரையில் வழி முடிந்தது. கார் சேற்றில்.

"கருப்பே வேணாங்குறாரு" என்றான் பாண்டி.

"வேணாம்னா வீட்டு வாசல்லயே நிப்பாட்டியிருப்பாருடா."

வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. காரை அங்கேயே விட்டு மேலே ஏறிக்கொண்டோம். ஓட்டுகிறவர் விசாரித்தார், எல்லாவற்றையும் சொன்னேன். "எங்களுக்கும் பூப் போட்டாக ஆத்தா. செகப்புதான் வந்துச்சு. கட்டிக்கிட்டோம். மூணு புள்ளைக" என்றார். பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கயல் வந்ததிலிருந்து இப்போதுதான் சிரித்தாள்.

கோயில். பூசாரி நந்தியாவட்டையை ஒரு பூவரச இலையிலும் செவ்வரளியை இன்னொன்றிலும் பொட்டலம் கட்டிப் பீடத்தில் வைத்தார். சின்னப் பிள்ளைதான் எடுக்க வேண்டும். ஊருக்குள் ஆள் பார்க்கப் போனார். நாங்கள் கண்ணை மூடிக் கும்பிட்டோம். கண்ணைத் திறந்தால் கோயில் கிடா, நேர்ந்து விட்டது, பீடத்தில் காலைத் தூக்கி வைத்து மென்றுகொண்டு நிற்கிறது. ஒரு பொட்டலம் உள்ளே போய்விட்டது.

மிச்சத்தைப் பாண்டி பிரித்தான். செவ்வரளி.

"கையில கெடைச்சது செகப்பு. முடிஞ்சுச்சு" என்றான். கயல் முகத்தில் ரத்தம் இல்லை. பூசாரி ஒரு பெண்பிள்ளையைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

அது யார் கிடா என்று கேட்டேன்.

"கருப்போட கிடாதான், ஆத்தா."

"அப்ப எடுத்தது யாரு?"

பூசாரி கிடாவைப் பார்த்தார். "சாமி எதை எடுத்துச்சுன்னுதான பாக்கணும். எடுத்தது வெள்ள. விட்டுட்டுப் போனதை எவனாச்சும் எண்ணுவானா?"

இன்னொரு தரம் போட்டுப் பார்க்கலாமே என்றான் பாண்டி. ஒரு தரம் சொன்னவரிடம் மறுபடி கேட்டால் கோபம் வரும் என்றார் பூசாரி. பாண்டி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். கிடா அவன் துண்டை மெல்ல வந்தது. விரட்டவில்லை. எழுந்து வந்து கயல் நெற்றியில் திருநீறு பூசினான்.

"அவுக வீட்ல சொல்லு. அடுத்த வாரம் வாரேன்னு."

மாசி 10, ஞாயிறு

பனி குறைவு. கயல் ரயிலேறிவிட்டாள், இட்லி ஆறு தின்றுவிட்டு. டிராக்டர்காரர் இழுத்துக் கொடுத்த காரைச் சரவணன் கழுவுகிறான், இன்னும் சேறு. மூட்டு வலி கம்மி, வைக்கோலில் உட்கார்ந்ததாலோ என்னமோ. வேதக்காரர் வீட்டுக்குத் தாம்பூலத் தட்டு கொண்டுபோகலாமா என்று பாண்டி என்னிடம் ரகசியமாகக் கேட்டான். வெற்றிலை விளைகிற சோழவந்தான்காரருக்கு அது கசக்குமா என்றேன்.

அரளி விஷம், ஆடு அதை மோந்துகூடப் பார்க்காது. டவுனில் வளர்ந்த பாண்டிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பூசாரிக்கும் தெரியும், கிளம்பும்போது மீசைக்குள் சிரித்தார். இருக்கட்டும். ஆட்டுக்கு அந்தப் புத்தியை வைத்ததும் கருப்புதானே.

கயலிடம் சொல்ல: ரெட்டைச் சடைப் படத்தைக் கழற்றிவிட்டேன். ஆணி சும்மா நிற்கிறது. போனில் அனுப்பாதே, சுவரில் மாட்ட முடியாது. ஜோசப்பும் நீயும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்து, தபாலில் போடு.