மஞ்சள் துண்டு போட்ட டெலிபோன்

யுஸ்னேலி,

கதை எழுத நாம் சேர்ந்து வகுத்த முதல் விதி, பார்த்ததை எழுது என்பது. உன் கதையில் வருவதை நீ பார்க்கவில்லை. நான் சொல்லித்தான் கேட்டாய்.

பள்ளியில் பரிசு வாங்கிய உன் கதையை நேற்று சுருட்டு ஆலையில், வேலை செய்பவர்களுக்காக மேடையிலிருந்து வாசித்தார்கள். அங்கே வேலை செய்யும் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நானும் கேட்டேன்.

பெயரை மாற்றியிருந்தாய். ஆனால் விவரம்தான் நம்பவைக்கும் என்ற நம் இரண்டாவது விதிப்படி, இணைப்பு அறுந்த டெலிபோனையும் அதன் மேல் போட்ட மஞ்சள் துண்டையும் அப்படியே விட்டிருந்தாய். ஓடிப்போன புருஷனோடு, அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி தினமும் அதில் பேசுகிறவள் யார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"ஏன்டி, ஹவானாவிலேருந்து இன்னிக்கும் கூப்பிட்டாராக்கும்?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டாள் பக்கத்துப் பலகை ஓடாலிஸ். ஒரே சிரிப்பு. பிறகு எல்லோரும் இலை நறுக்கும் கத்தியால் பலகையில் தட்டி உன் கதையைப் பாராட்டினார்கள். அம்மாவும் தட்டினாள்.

நல்ல கதைதான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த டெலிபோன் வேலை செய்யாது என்பது அம்மாவைத் தவிர எனக்கு மட்டுமே தெரியும். வெளியே சொன்னது நான்தான் என்று அம்மாவுக்கும் புரிந்திருக்கும். நேற்று மாலை அவள் டெலிபோனை எடுக்கவில்லை. என்னிடமும் பேசவில்லை.

இப்படிக்கு,
உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னவள்