உப்பு அறைச் சுவரில் வைத்த இரும்பு

அந்த இரும்பை வைக்கலாம் என்று முதலில் சொன்னது நீயா, நானா? மூன்று வாரமாக யோசிக்கிறேன். தெரியவில்லை. ‘இரும்பு குடுத்துட்டா கவலை இல்ல’ என்ற பேச்சு காதில் அப்படியே இருக்கிறது. குரல் யாருடையது என்பதுதான் பிடிபடவில்லை.

அதன் ஒரு துண்டு என் மேஜைமேல் செய்தித்தாளில் பொதிந்து கிடக்கிறது. துண்டு என்ன, துருதான். பேக்கரி பஃப்ஸின் மேல்தட்டைப் போல ஏடு ஏடாகப் பிரிகிறது. ராயபுரத்தில் உங்கள் வீட்டுக் கீழ்த்தளச் சுவரிலிருந்து நானே சுத்தியலால் தட்டி எடுத்தது. இறந்தவர்களுக்கு மடல் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. உனக்கும் அது பிடித்திருக்காது. ஆனால் இந்த ஒன்றைச் சரிபார்க்க உன்னைத் தவிர எனக்கு வேறு ஆள் கிடையாது.

உன் அண்ணன் அண்ணா நகரிலிருந்து போன் செய்தார். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒருவர் கேட்கிறாராம். உங்கள் இருவருக்கும் மூத்த அக்கா அசைய மாட்டேன் என்கிறாராம். நீ போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் அக்கா ஒருவர்தான் இருக்கிறார். மாடி முன்னறையில், உன் கட்டிலில் படுக்கிறார். இரண்டு வருடச் சண்டைக்குப் பிறகு அக்காவும் தம்பியும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள். நான் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். நான் எழுதுகிறபடி இருவரும் கேட்க வேண்டும். வீடு தாங்கும் என்றால் அக்கா அங்கேயே இருப்பார். தாங்காது என்றால் விற்றுவிடுவார்கள்.

நான் முதலில் மறுத்தேன். வங்கிக் கடனுக்காக வீடுகளுக்கு மதிப்பு போடும் நம் தொழிலில் நாம் வைத்திருந்த ஒரே விதி அதுதானே. திருவொற்றியூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே அந்த ஒற்றை அறையில் நம் இருவர் பெயரையும் எழுதிப் பலகை மாட்டிய அன்று நீ சொன்னாய்: “நீ கை நனைச்ச வூட்டுக்கு நான் மதிப்பு போடறேன். நான் நனைச்சிருந்தா நீ போடு.” பார்க்கப் போன வீடுகளில் டீ கொடுத்தால்கூட வேண்டாம் என்றுவிடுவாய். உங்கள் வீட்டில் நான் கல்லூரி இரண்டாம் ஆண்டிலிருந்து சாப்பிட்டவள். இதை அண்ணனிடம் சொன்னேன். “அதனாலதாம்மா உன்னைக் கூப்பிடறேன். வேற யார் சொன்னாலும் அக்கா நம்பாது” என்றார். அறிக்கையின் முதல் வரியாக அந்த உறவை எழுதிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

முப்பது வருடமாக வந்துபோன வீட்டை வேலையாகப் பார்த்தது அன்றுதான். அப்போதெல்லாம் நான்கு படி ஏறித்தான் உள்ளே போவோம். தெருவைப் போட்டுப் போட்டு உயர்த்தியதில் இப்போது ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் எங்கே போகும் என்பதுதான் என் முதல் குறிப்பு. சந்து குறுகல், எதிரில் கார் வந்தால் பைக் பின்வாங்க வேண்டும். அது இரண்டாவது. பிறகு எழுதியவை வேறு மாதிரி: பதினான்கு அடி உயரக் கூரை, ஒன்றரை அடிக் கனத்தில் சுவர்கள், கிழக்கு ஜன்னல்களைத் திறந்தால் பிற்பகலில் மின்விசிறி தேவைப்படாத கடல்காற்று. இன்றைய அடுக்குமாடிகளில் படுக்கையறைக்கு விடுகிற இடம் உங்கள் வீட்டில் குளியலறைக்கு இருக்கிறது. தேக்கு விட்டங்களைக் கூரான கம்பியால் குத்திப் பார்த்தேன். பின்பக்கத்து ஆறு விட்டங்களில் ஒன்றுகூடக் கம்பியை உள்ளே விடவில்லை.

அக்கா என் கூடவே வந்துகொண்டிருந்தார்.

“இன்னா கண்ணு, வூட்டுக்கு ஊசி போடறியா?”

“எங்க வலிக்குதுன்னு பாக்கறேன்க்கா.”

“அதுக்கு ஒரு வலியும் இல்ல. உங்க அண்ணனுக்குத்தான் வலி. ஃபிளாட்டு ஃபிளாட்டுன்னு ராத்திரி தூக்கமே இல்லியாம்.”

“அக்கா, நான் பின்னாலதான் நிக்கிறேன்” என்றார் அண்ணன்.

“நிக்கறது தெரிஞ்சிதான் சொல்றேன், நைனா.”

கடைசியாகக் கீழே முன்னறைக்கு வந்தோம். தூத்துக்குடியிலிருந்து வந்த உப்பு மூட்டைகளை அடுக்கி உன் அப்பா மொத்த வியாபாரம் செய்த அறை. கடையை மூடி இருபது வருடத்துக்கு மேலாகியும் மேற்குச் சுவர் ஈரமாகவே இருக்கிறது. நமக்கு இருபது வயது இருக்கும்போது அந்தச் சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துக்காட்டினாய். “எங்க வூட்டு சொவத்த நக்குனா கொயம்புக்கு உப்பு வாணாம்” என்றாய். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் வீடு முழுக்க வெள்ளையடிப்பீர்கள். பொங்கலுக்குள் அந்தச் சுவர் மட்டும் உதிர்ந்துவிடும். உன் அம்மா கடல்காற்றைத் திட்டுவார். அப்பா கொத்தனாரைத் திட்டுவார். கொத்தனார் அடுத்த வருடம் இன்னும் கனமாகச் சிமெண்ட் பூசுவார். நாற்பது வருடம் சாய்த்து வைத்த மூட்டைகளிலிருந்து உப்பு செங்கலுக்குள் இறங்கியிருக்கும் என்று உப்பு வியாபாரி வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் படிக்கவில்லை. நாம் கட்டடப் பொறியியல் படித்திருந்தோம். கடையை மூடி மூட்டைகளை எடுத்த பிறகு பார்த்தால், அந்தச் சுவருக்குள் போன விட்டங்களின் முனைகள் இற்றுப்போயிருந்தன. அவற்றைத் தாங்க, கீழே சுவரோடு சுவராக, நீளத்துக்கு ஓர் இரும்பு உத்தரம் கொடுத்தோம். துருப்பிடிக்காமலிருக்கச் சிவப்புப் பூச்சு இரண்டு முறை அடித்து, மேலே சிமெண்ட் பூசி மூடினோம். பாரத்துக்கு நான்தான் கணக்குப் போட்டேன். இப்போதும் எடுத்துப் பார்த்தேன், கணக்கில் பிழை இல்லை. அந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்று இருவரும் பார்த்தோம். எந்தச் சுவரில் உட்காரப்போகிறது என்று பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த உப்பு உன் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கோ அந்தச் சுவர் உங்கள் வீட்டின் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

அக்கா அந்தச் சுவரைக் கையால் தட்டிக்காட்டினார். “இத்த பாக்கவே வாணாம் கண்ணு. என் தங்கச்சி வெச்ச இரும்பு உள்ள கீது. அந்த தெகிரியத்துலதான் மேல படுத்துகினு கீறேன்.”

தலைக்கு மேல், சுவரின் நீளத்துக்கும் ஒரு விரிசல் ஓடியது. அதையொட்டி இரண்டு தட்டுத் தட்டினேன். பூச்சு பெரிய பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இரும்பு துருவேறி இரண்டு மடங்காக ஊதி, மேல் வரிசைச் செங்கற்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தாங்குவதற்கு வைத்ததே சுவரைப் பிளந்துகொண்டிருந்தது. அக்கா என் கையிலிருந்த துருவைப் பார்த்தார். அண்ணனுக்கு அது பேசுவதற்கு நல்ல சமயம். அவர் பேசவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன்.

அறிக்கை எழுத மூன்று நாள் ஆயிற்று. ‘முந்தைய சீரமைப்பு பழுதடைந்துள்ளது’ என்று எழுதியிருந்தால் போதும். செய்தது யார் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. எர்ணாவூர் வீடு ஒன்றுக்கு நான் ‘பராமரிப்புக் குறைவு’ என்று எழுதியது நினைவிருக்கிறதா? நீ அதை அடித்துவிட்டு, ‘கூரையில் போதிய கம்பி போடப்படவில்லை’ என்று எழுதினாய். “இன்னா நோவுன்னு சொல்லாத டாக்டருக்கு எதுக்குடி ஃபீஸு?” என்று கேட்டாய். எனக்கு அன்று கோபம். இரண்டு நாள் பேசவில்லை.

இந்த முறை நோயைச் சொன்னேன். உப்பேறிய சுவரில் இரும்பு வைத்தது தவறு. அதைச் செய்தவர்கள் இந்த வீட்டின் இளைய மகளும் நானும். மாடி முன்னறையை உடனே காலி செய்ய வேண்டும். இரும்பை எடுத்து, அந்த ஒரு சுவரைப் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். மீதி வீடு திடமாக இருக்கிறது. கவனித்துக்கொண்டால் என் காலத்துக்குப் பிறகும் நிற்கும். மனைக்கு மட்டும் மதிப்பு போட்டு இதை இடிப்பதற்கு, பொறியாளராக என்னால் காரணம் காட்ட முடியாது. இருவரில் யாருக்கும் முழுதாகச் சாதகமில்லாத அறிக்கை.

அண்ணனுக்கு அதை அனுப்பிவிட்டு, அக்காவுக்குச் சமையலறையில் உட்கார்ந்து படித்துக்காட்டினேன். முழுவதும் கேட்டார்.

“என் தங்கச்சி தப்பு பண்ணிட்டான்னு எய்திக்கிறே.”

“ஆமாக்கா. நானும்.”

“அவ இருந்திருந்தா இத்த எய்திருப்பாளா?”

“எனக்கு முன்னாடி எழுதியிருப்பா.”

இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். “எய்துவா, எய்துவா. அம்மா வெச்ச மீன் கொயம்புக்கே மார்க்கு போட்டவதானே” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த ரூம்ல அவ வாசனை கீது, கண்ணு” என்றார்.

இம்மாதிரி இடங்களில் நீதான் பேசுவாய். நான் அளவுகளைக் குறிப்பேன். அன்று அக்காவிடமிருந்து கத்தியை வாங்கி மீதி வெங்காயத்தை உரித்தேன்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், வயதும் பரப்பும் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்த அறையில் முன்பு என்ன வைத்திருந்தீர்கள்? காசிமேட்டில் ஒருவர் கருவாடு என்றார். கொருக்குப்பேட்டையில் ஒரு அம்மா, “ஒண்ணும் வெக்கல மேடம், எங்க மாமியார்தான் இருந்தாங்க” என்றார். நீ இருந்தால் ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்திருப்பாய். நான் அதையும் குறித்துக்கொண்டேன். நம் இருவரின் தவறிலிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி. அதை விடமாட்டேன்.

அக்காவிடம் படித்துக்காட்டியதற்கு மறுநாள் நடந்தது இது. காலை ஒன்பது மணிக்கு, நான் சொல்லியிருந்த மேஸ்திரி ஒரு வண்டி சவுக்குக் கம்பங்களோடு வந்தார். அண்ணன் அவருக்கு முன்பே வந்திருந்தார். அக்காவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகச் சந்து முனையில் காரை நிறுத்தியிருந்தார். அக்கா, “மொதல்ல கட்டில புடி” என்றார். இருவரும் உன் கட்டிலைப் பிரித்துப் பின்னறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள். கீழே விட்டங்களுக்குக் கம்பம் கொடுக்கும்போது ஆள் போதவில்லை. அண்ணன் சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

“விக்கற வூட்டுக்கு எதுக்கு நைனா முட்டு குடுக்கறே?” என்றார் அக்கா.

“கிறிஸ்துமஸ் போகட்டும்க்கா, பேசிக்கலாம். அடில சொருகற அந்த ஆப்பை எடு, கை வழுக்குது.”

மாலை நான்கு மணிக்கு இரும்பு மூன்று துண்டுகளாக வெளியே வந்தது. மேஸ்திரி எல்லோரையும் தெருவுக்குப் போகச் சொன்னார். எதிர் வீட்டுச் சுவர் ஓரமாக நாங்கள் மூவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் ஆயிற்று. வீடு நின்றது. அக்கா உள்ளே போய் விளக்கைப் போட்டார்.