நொண்டி ஆரோக்கியத்தின் போர்டு

ஜூலை 7, திங்கள்
காலையில் தூறல். இதெல்லாம் நடக்கும் என்று போன மாதமே சொன்னேன். கேட்க ஆளில்லை. 'நொண்டி ஆரோக்கியம் பிரியாணி' போர்டில் முதல் வார்த்தை மேல் வெள்ளை பெயின்ட். என் அக்கா மகள் ஷீலாவின் வேலை. பெங்களூர் ஆபீசுக்கு ரயிலில் போய் வருகிறவள். நேற்று அவளே ஏணி போட்டு ஏறியிருக்கிறாள்.

கேட்டதற்கு என்னிடம் சொன்னாள்: "ஊனத்தைச் சொல்லிக் கூப்பிடறது அசிங்கம், மாமா."

ஆரோக்கியம் கீழே நின்று தலையாட்டினானாம். படித்த பெண் எதிரில் வாய் திறக்க மாட்டான். அவன் கால் போனது நாங்கள் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தில். மேலே ஏற்றும் கேஜ் லிஃப்ட் வரைக்கும் தூக்கி வந்தவன் நான். தன்னந்தனியாக. (இன்னும் இரண்டு பேர் கூட இருந்தார்கள்.)

இவளுக்கு ஏன் இத்தனை அக்கறை? ஸ்டேஷன் பக்கம் புது பிரியாணிக் கடை. அந்தக் கடைக்காரன் ஏவி விட்டிருப்பானோ?

வாங்க: பல்பு, பிரஷர் மாத்திரை.

ஜூலை 8, செவ்வாய்
மேகமூட்டம். கோரமண்டல் ரயில் ஸ்டேஷன். பேப்பருக்குப் பின்னால் இருந்து ஷீலாவைக் கவனித்தேன். போனில் சிரிப்பு. புதுக் கடைக்காரனும் அதே நேரம் போனில். குறித்துக்கொண்டேன்.

பல்பு மறந்து போச்சு.

ஜூலை 9, புதன்
வெயில். மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் ஷீலாவின் சிநேகிதி கல்யாணம். மானம் போச்சு.

எங்கள் சர்ச்சில் ஆரோக்கியம் நான்கு பேர். நொண்டி, நெட்டை, போஸ்ட்மேன், கேஜ். கேஜ் ஆரோக்கியம் அந்தக் காலத்தில் கேஜ் ஓட்டியவன், இப்போது நாற்காலி வாடகைக்கு விடுகிறான். ஷீலா பேச்சைக் கேட்டு, பெண் வீட்டார் பட்டப்பேரை விட்டுவிட்டு, "ஆரோக்கியத்துகிட்ட முந்நூறு பேருக்குச் சொல்லிடு" என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

பூசை முடிந்து வந்தால் முந்நூறு நாற்காலி. பிரியாணி இல்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா: "இன்னாங்க, நாற்காலியவா துன்றது?"

அவசரத்துக்கு ஸ்டேஷன் கடையில் சொல்லி, கிடைத்ததை எல்லோருக்கும் பங்கு போட்டார்கள். (சந்தேகம் இன்னும் போகவில்லை.)

விருந்துக்கு வந்திருந்த நொண்டி ஆரோக்கியம் தட்டைக்கூடத் தொடவில்லை. ஷீலாவிடம் நேராகவே கேட்டான். "மூணு நாளா கடைல ஈ ஓட்டிகினுகீறேம்மா. அந்தப் பேரச் சொல்லித்தான் ஜனங்க தேடிகினு வரும். இன்னாத்துக்கு அழிச்சே?"

"தினம் அந்தப் பேரைக் கேட்டு நீங்க அழுவீங்கன்னு மாமாதான் சொன்னாரு."

"நானா? எப்போ மச்சான் அழுதேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பல்பு வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்
மழை. ஆரோக்கியம் கடை திறக்கவில்லை. ஷீலா லீவு போட்டு, கறுப்பு பெயின்ட் டப்பாவோடு ஆரோக்கியம் வீட்டு வாசலில். எழுதட்டுமா வேண்டாமா என்று அவனையே கேட்கப் போகிறாளாம். என்னையும் கூப்பிட்டாள். கால் வலி என்றேன்.

அவன் அழுததில்லை. அந்தப் பேர் அவனுக்கு எப்படி இருக்கிறது என்று போன மாதம் ஷீலா என்னைக் கேட்டாள். இத்தனை வருசத்தில் நான் அவனிடம் கேட்டதே இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அழுகிறான் என்று சொல்லிவிட்டேன்.