இலக்கமிடக் கூடாத இரண்டு சோடிச் சாளரங்கள்

அனுப்புநர்:
கமலாசனி விவேகானந்தன்,
தொழினுட்ப உத்தியோகத்தர்,
கட்டுகஸ்தோட்டை.

பெறுநர்:
பணிப்பாளர்,
மலைச்சாரல் நுண்பொருள் ஆய்வு நிலையம்,
பேராதனை.

பொருள்: நுணுக்குக்காட்டிச் சாளரங்களில் வர்ணத்தால் இலக்கம் எழுதுவதை நிறுத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. மருந்து சுமக்கும் கொழுப்பு நனோத்துணிக்கைகளை எமது நிலையத்தில் பதினொரு வருடங்களாகத் தயாரித்து வருகிறேன். அவை மிக மென்மையானவை. நீரில்தான் உருவம் கொள்பவை. இலத்திரன் நுணுக்குக்காட்டியினுள் வெற்றிடம் என்பதால் அவற்றை உலர்த்தியே வைத்தோம். உலர்ந்ததும் காற்றுப்போன பலூன்போலச் சப்பையாகிவிடுகின்றன. இத்தனை காலமும் நான் படம் பிடித்தது அவற்றின் சடலங்களைத்தான். நீரில் மிதக்கும்போது ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டுமென்று ஏங்குகிறேன்.

2. அதற்கென வெளிநாட்டு ஆய்வுகூடமொன்று மூன்று சோடிச் சாளரங்களை அன்பளிப்பாக அனுப்பியது. ஒரு சோடி என்பது அரிசி மணியளவான இரு தகடுகள்; அவற்றுக்கிடையே ஒரு துளி நீரை அடைக்கலாம். தகட்டின் நடுவிலுள்ள மெல்லிய படலத்தினூடாகப் படம் கிடைக்கும்.

3. பொதி மார்ச் 4ஆம் திகதி வந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் ஜனாப் ஹலீம், கதிரைக்கும் அலுமாரிக்கும் எழுதுவதுபோலவே, முதற் சோடியின் மேல் மஞ்சள் வர்ணத்தில் பொருட்பதிவு இலக்கம் எழுதினார். அரிசி மணியில் ஏழு எழுத்துகள். கைத்திறமையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் தூரிகை பட்டுப் படலம் கிழிந்துவிட்டது. "நம்பர் இல்லாம சாமான் வெளிய குடுக்க ஏலா, மெடம். ஓடிட்காரங்க கணக்குப் பார்க்க வந்தா நான்தானே பதில் சொல்லணும்" என்றார். எனக்குக் கடுங்கோபம் வந்தது. அவர் சுற்றறிக்கைப்படியே நடந்தார் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

4. மீதி இரண்டு சோடிகளிலும் எழுத நான் விடாததால், அவை தமக்குரிய இலக்கத்துக்காகக் களஞ்சிய அலுமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. இதுபற்றித் தங்களுக்கு எழுதிய எனது இரு கடிதங்களுக்கும் பதில் இல்லை. காலையில் இரண்டு பஸ் மாறி வந்ததும் முதலில் அந்த அலுமாரியைத்தான் போய்ப் பார்க்கிறேன். இந்த வயதில் வெட்கமான காரியம்தான். எழுதாமல் விட மனம் வரவில்லை.

5. ஆகவே, இலக்கத்தைப் பெட்டியின் மேல் எழுதி, சாளரங்களைத் தொடாமல் வழங்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஜூன் 30ஆம் திகதி நான் ஓய்வு பெறுகிறேன். அதன்பின் ஆய்வுகூடத்தினுள் நுழைய எனக்கு அனுமதியில்லை.

6. அதற்குள் இயலாதெனின், சாளரங்களை உதவி ஆய்வாளர் செல்வி கஜாலினியிடம் ஒப்படையுங்கள். ஆய்வு முடிவுகளை வெளியாருக்குச் சொல்லக் கூடாதென்ற விதியை அறிவேன். துணிக்கைகள் நீரில் உருண்டையாக இருந்தனவா என்பதை மட்டும் எனக்குத் தொலைபேசியில் சொல்ல அவருக்கு அனுமதி தாருங்கள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) கமலாசனி விவேகானந்தன்

இடம்: கட்டுகஸ்தோட்டை
திகதி: 2025.06.16