உன் வலிக்கு நான் சொன்ன பதில்

இன்று காலை பால் பாக்கெட்டின் மூலையில் பல் தடம் இருந்தது. விரலால் கிழிக்க முடியாமல் கடித்துத் திறந்த பாக்கெட். அடுப்படியில் நீதான் நிற்கிறாய் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். "ஏய், கத்திரிக்கோல் எங்க போச்சு?" என்று கேட்டும் தொலைத்தேன். திரும்பிப் பார்த்தது நம் மகள். நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன் கைவலி இப்போது அவளிடம் இருக்கிறது.

உனக்கு வந்ததும் இதே முடக்குவாதம்தான். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. உனக்குத் தலை பின்னிவிடுவது என் வேலையாயிற்று. பின்னல் என்று நான் சொன்னதை நீ வைக்கோல் பிரி என்பாய். வாரத்துக்கு ஒருநாள் சாப்பிடும் மாத்திரை கொடுத்தார்கள். ஞாயிறு போட்டால் திங்கள் முழுக்கக் குமட்டல். "மசக்க மாதிரி இருக்குதுயா. இந்த வயசுல இன்னா கூத்துன்னு ஊரே சிரிக்கப் போவுது" என்றாய். ஊரைவிட நான்தான் அதிகம் சிரித்தேன்.

மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. அது உனக்குத் தெரியும், தலை பின்னிய எனக்கும் தெரியும். டாக்டருக்கு மட்டும் தெரியாது. மாதாமாதம் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் அவர் உன்னைப் பார்த்துத்தான் கேட்பார், "எப்படிம்மா இருக்கு?" என்று. நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்வேன்: "பெட்டர் சார். பரவால்ல சார்." பத்தாவது பெயில் ஆனவனிடம் இருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான், அதை அங்கே செலவழிக்காமல் வேறெங்கே செலவழிப்பது? கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்த திமிர் வேறு. நல்ல மனுஷன், அவர் கொடுத்த மருந்து பலிக்கவில்லை என்று முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது என்ற கூச்சமும் இருந்தது. அவரும் பழைய சீட்டையே திரும்ப எழுதிக் கொடுப்பார்.

ஒருமுறை ஊருக்குத் திரும்பும் பாகூர் பஸ்ஸில் கேட்டாய்: "ஏன்யா, வலி எனக்கா, உனக்கா?"

"எனக்குத்தான். உன் பேச்ச கேக்குற வலி" என்றேன்.

நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இப்போதும் திடீர் திடீரென்று வீட்டுக்குள் கேட்கிறது. அன்று கேட்ட மாதிரி இல்லை.

இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன். உன் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பிறகு மூச்சு வாங்கியது. மூட்டில் இருந்த நோய் நுரையீரலுக்கும் போயிருக்கிறது என்றார்கள். முன்னாலேயே மருந்தை மாற்றியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று நான் யாரையும் கேட்கவில்லை. பதில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

மகளுக்கும் அதே மாத்திரைதான், ஆறு மாதமாக. பேக்கிங் வேலைக்குப் போனவள் ஒரு மாதமாய் வீட்டில் இருக்கிறாள். இன்று ஓ.பி.க்கு நானும் கூடப் போனேன். புது டாக்டர், சின்னப் பெண். அதே கேள்வியைக் கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாய் தானாகத் திறந்தது. துண்டின் நுனியை உள்ளே திணித்துக் கடித்துக்கொண்டேன். "ஐயாவுக்குப் பல் வலியா?" என்றார் டாக்டர்.

மகள் சொன்னாள்: "மாத்திரை கேக்கல மேடம். காலைல ஒண்ணரை மணி நேரம் விரல் மடங்க மாட்டேங்குது. சீப்பு புடிக்க முடியல."

அவ்வளவுதான். டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்து எண்ணினார். முழு அளவு கொடுத்தும் அடங்காவிட்டால் இன்னொரு மருந்து சேர்க்கலாம், தோலுக்கடியில் போடும் ஊசி இருக்கிறது, அதற்கு முன்னால் டி.பி. இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்றார். "அதுவும் கேக்கலன்னா வேற இருக்கு. வந்து சொல்லணும், அவ்ளோதான்." ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

பஸ்ஸில் மகள் கேட்டாள்: "அம்மாவுக்கும் இந்த ஊசி போட்டாங்களாப்பா?"

"இல்லம்மா" என்றேன். "டாக்டரு மாசா மாசம் கேட்டாரு. நான்தான் பரவால்லன்னு சொல்லிட்டேன். அம்மாவ பேசவே வுடல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாகூர் வரும்வரை முகத்தைக் காட்டவில்லை. இறங்கும்போது கம்பியைப் பிடிக்க முடியாமல் என் தோளைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. இறங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. தெருமுனைவரை அப்படியே நடந்தோம்.

வீட்டுக்கு வந்து இத்தனை நேரமாகியும் அந்தக் கை தோளிலேயே இருக்கிறது. அவளுடையது மட்டும் என்றால் இவ்வளவு கனக்காது.