மரம் வைக்காத வானம்

ஸ்ஃபாக்ஸ்
4 மார்ச் 1986

அன்புள்ள மொன்ஜிக்கு,

இங்கு நலம். லியோனில் குளிர் என்பதைத் தவிர இரண்டு வருடமாக நீங்கள் வேறெதுவும் எழுதுவதில்லை, அதனால் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் விட்டுப்போன பெரிய கேமராவில் உப்பளத்தைப் படம் பிடிக்கிறேன். மே மாதம் நகராட்சி மண்டபத்தில் பத்துப் படங்கள் மாட்டுகிறார்கள், என் பெயரில். ஆனால் ஃபிலிம் தாளைக் கழுவினால் வானம் பட்டை பட்டையாக வருகிறது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே மருந்துத் தட்டை இடமும் வலமுமாகத்தான் ஆட்டுகிறேன். என்ன தப்பு?

குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்துவிட்டு இருட்டில் நிற்கிறேன். பக்கத்து வீட்டு ஹயாத் கதவைத் தட்டி, "உள்ள யாரடி ஒளிச்சு வச்சிருக்கே, மொன்ஜிக்கு எழுதிப் போடட்டுமா?" என்கிறாள்.

உங்கள்
சலூஹா

லியோன்
20 மார்ச் 1986

என் கண்ணே சலூஹா,

தப்பு உன் கையில். இருபது வருடம் பழகிய கை வேண்டும் இதற்கு, உனக்கு வராது. அங்கே வானத்தில் மேகமே கிடையாது, சின்னப் பட்டையைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். முன்னால் ஒரு ஈச்சமரத்தை வைத்து எடு, மறைந்துவிடும்.

இல்லையென்றால் எடுத்த ஃபிலிமைப் பெட்டியோடு எனக்கு அனுப்பு. நான் கழுவி, என் ஸ்டூடியோ முத்திரை போட்டுத் தருகிறேன். என் பெயர் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கோபப்படாதே, உன் நல்லதுக்குத்தான். ஹரிஸா தீர்ந்துவிட்டது, நம்மூர் மிளகாய் விழுது இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை, ஒரு டப்பா அனுப்பு.

உன்
மொன்ஜி

ஸ்ஃபாக்ஸ்
11 ஏப்ரல் 1986

மொன்ஜிக்கு,

ஹரிஸா இதோடு வருகிறது. ஃபிலிம் வராது.

தப்பு நீங்கள் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தில். இடவலமாக மட்டுமே ஆட்டினால் மருந்து ஒரே தடத்தில் ஓடிப் பட்டை போடுகிறது. ஸ்டூடியோவில் முகத்துக்குப் பின்னால் பூப்போட்ட திரை தொங்கவிட்டீர்கள், இருபது வருடமும் அது தெரியவில்லை. நான் ஃபிலிமை முதலில் தண்ணீரில் ஊறவிட்டேன். ஒரு தட்டில் ஒரே தாள், மருந்து தாராளமாக. ஒரே தாளம் விழாமல் நான்கு பக்கமும் மாற்றி மாற்றித் தூக்கினேன். பதினேழு தாள் பாழாயிற்று. பதினெட்டாவது வந்தது.

அதே கையால் கழுவிய ஒரு நெகட்டிவை உள்ளே வைத்திருக்கிறேன். கேமராவை அண்ணாந்து வைத்து எடுத்த வெறும் வானம். ஒளிந்துகொள்ள ஒரு காக்கைகூட இல்லை. விளக்குமேல் வைத்துப் பாருங்கள். ஒரு பட்டை தெரிந்தாலும் எழுதுங்கள், பத்துப் படத்திலும் உங்கள் முத்திரையே விழட்டும். தெரியாவிட்டால் எழுத வேண்டாம்.

சலூஹா

ஸ்ஃபாக்ஸ்
30 மே 1986

மொன்ஜிக்கு,

ஏழு வாரம் ஆகிறது. பார்சலை நீங்கள் கையெழுத்திட்டு வாங்கிய சீட்டு தபால்காரர் கையில் வந்துவிட்டது. கடிதம் வரவில்லை.

சீட்டு வந்த பிறகு முதல் இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒருநாள் அழுதேன். உங்கள் வாயால் "நல்லா இருக்கு" என்று கேட்க எனக்கு ஆசை, இன்னமும்தான். ஆனால் அதற்காகக் காத்திருக்கப் போவதில்லை.

படங்கள் மாட்டியாயிற்று, மரமில்லாமல். கீழே என் பெயர். உப்பளத்து ஆள் ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "அங்க நிக்கிற மாதிரியே கண்ணு கூசுது" என்று சொல்லிப் போனார்.

கேமரா இனி என்னுடையது, திருப்பிக் கேட்காதீர்கள். ஹரிஸா தீர்ந்தால் மட்டும் எழுதுங்கள்.

சலூஹா