சுவரில் நிற்கும் ஏரி

நேற்று பகல் தபாலில் தாலுகா அலுவலகத்தின் பதில் வந்தது. மகள் குடியிருக்கும் வீட்டின் மனை பட்டா நிலம்தான். வில்லங்கம் எதுவும் இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூட நிலம் மட்டும் ஒரு காலத்தில் ஏரிப் புறம்போக்கு. அதுவும் முறைப்படி வகை மாற்றப்பட்டதுதான். தகவல் உரிமைச் சட்டத்தில் நான் கேட்ட முதல் இரண்டு கேள்விகளுக்கு இதுதான் பதில். கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருக்கின்றன. ஏரி நிறைந்தால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்பது மூன்றாவது கேள்வி. நீ கேட்கச் சொன்னது. அதைப் பொதுப்பணித் துறைக்கு மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

உறையைப் பிரிக்காமல் எடுத்துப்போய் மகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் பிரித்தேன். ஒரு வாசம் வந்தது. ஏரியில் மீன் பிடித்து முடிந்த பிறகு கலங்கிய சேற்றிலிருந்து எழுமே, அது. உறையை முகர்ந்து பார்த்தேன், அதில் இல்லை. பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தது. இங்கே மழை பெய்து இருபது நாள் ஆகிறது. வாசலில் புழுதி பறக்கிறது. நீ இருந்திருந்தால் எழுந்து போய் பீரோவை நகர்த்தியிருப்பாய். நான் உன்னை நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

போன கார்த்திகையில்தான் மகளுக்கு வீடு தேட ஆரம்பித்தோம். கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. மருமகனுக்குத் தியாகதுருகத்தில் அரிசி ஆலைக் கணக்கு. பேத்தியை ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். மகள் ஒரு நோட்டுத் தாளில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தாள்: பள்ளிக்கூடம், விலை, தூரம். சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று சங்கராபுரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த உன்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். புறவழிச்சாலை ஓரத்து நகரில் விலை கட்டுப்படியானது, ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போக லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பள்ளிக்கூடம் நன்றாக இருந்தது, விலை எட்டவில்லை. இன்னொரு இடத்தில் இரண்டும் சரி, கடைசிப் பேருந்து சாயங்காலம் ஆறு மணிக்கே போய்விடுகிறது.

சங்கராபுரம் சாலையில் இருக்கிற அந்த நகரில்தான் மூன்று கட்டமும் நிரம்பின. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. இரண்டு தெரு, முப்பது வீடு. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். பேருந்து தெருமுனையில் நிற்கிறது. விலையோ சுற்று வட்டாரத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. கொஞ்சம்தான், சந்தேகப்படும்படி இல்லை. பள்ளி மைதானத்தில் கொக்குகள் நின்றன. காய்ந்த தரை. புழு பூச்சி கொத்துகிற மாதிரித் தெரியவில்லை. எல்லாம் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தன, தண்ணீருக்குள் நடப்பது போல. நான் வீட்டின் ஜன்னல் கதவுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கொக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“யோவ் நிருபரே, வூட்டப் பாத்தது போதும். குடியிருக்கிறவங்களப் பாரு” என்றாய்.

உன் வழி எனக்குத் தெரியும். வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்பாய். வெயிலில் வந்த கிழவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அன்று ஒன்பது வீட்டில் தண்ணீர் குடித்தாய். ஒன்பது வீட்டுக் கூடத்திலும் சுவரின் கீழ்ப்பகுதியில் அரக்கு நிற ஆயில் பெயிண்ட் பட்டை. அதில் அதிசயம் இல்லை, நம் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. ஆனால் மேல் தெருவில் பட்டை முழங்கால் உயரம் இருந்தது. கீழ்த் தெருவில் இறங்க இறங்க இடுப்புக்கு வந்தது. கடைசி வீட்டில் நெஞ்சுக்கு. எதற்கு இந்தப் பட்டை என்று முதல் வீட்டு அம்மாளைக் கேட்டாய். “கொழந்தைங்க கை வெச்சி அழுக்கு பண்ணுதுங்க, அதான் பெயிண்ட்டு” என்றார். அடுத்த வீட்டிலும் அதே பதில். மூன்றாவது வீட்டில் வயதான கணவன் மனைவி இருவர் மட்டும். அவர்களுக்குப் பிள்ளையே இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார்கள். பட்டைக்குக் காரணம் கேட்டபோது, குழந்தைகள் கை வைத்து அழுக்காக்குகிறார்கள் என்றார்கள். நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

மேல் தெருவில் ஒரு பஸ் கண்டக்டர் வீடு. நமக்கு விலை சொல்லப்பட்ட வீட்டுக்கு நேர் பின்னால், முதுகோடு முதுகு ஒட்டியது. மறுநாள் போனபோது அவர் தாமாகவே சமையலறைக்குக் கூட்டிப்போய் ஷெல்ஃபை நகர்த்திக் காட்டினார். ஈரம் கோடு போட்டது போல நேராக நின்றது. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு பொரிந்திருந்தது, மேலே துளி ஈரம் இல்லை.

“எங்க வூட்ல மட்டுந்தாங்க இப்டி” என்றார். “மேஸ்திரி மண்ண கம்மியா கொட்டி ஏமாத்திட்டான். வெளிய சொல்லிடாதீங்க. பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கோம்.”

சொல்லமாட்டோம் என்றாய் நீ. அவர் டூட்டிக்குக் கிளம்பிய பிறகு, அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபை எடுத்து வந்தாய். தண்ணீர் நிரப்பிய அந்த டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையைக் கண்டக்டர் சமையலறையில் ஈரக்கோட்டின் மேல் நீ பிடித்தாய். மறு முனையைக் கொல்லை வழியாக இழுத்துக்கொண்டு விற்பனைக்கு வந்த வீட்டுக்குள் நான் போனேன். அதன் தரை இரண்டடி தாழ்வு. சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். டியூபில் தண்ணீர் ஆடி ஆடி நின்ற இடத்தில், என் நெஞ்சு உயரத்தில், வெள்ளைக்கு உள்ளே நூல் பிடித்தது போல் ஒரு மங்கல் கோடு ஓடியது. டியூபை வைத்துப் பார்க்கிறவரை அது என் கண்ணில் படவில்லை. பட்ட பிறகு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

தரையிலிருந்து ஏறுகிற ஈரம் என்றால் தரைக்குத் தக்கபடி அல்லவா ஏறவேண்டும் என்று உன்னிடம் கத்திக் கேட்டேன். நீ மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாகப் பதில் சொன்னாய்.

“இன்னாய்யா பாக்குற? ஏரித் தண்ணி இங்கியேதான் நிக்குது. நாமதான் உள்ள எறங்கி நின்னுக்கினு இருக்கோம்.”

அது உனக்கும் எனக்கும் நன்றாகத் தெரிந்த ஏரி. இருபது வருஷத்துக்கு மேல் வறண்டு கிடந்தது. கல்வராயன் மலையிலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் தூர்ந்துபோயிருந்தது. சுற்றியிருந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நாலு கிலோமீட்டர் நடந்தார்கள். ‘பயனற்றுக் கிடக்கும் ஏரியில் பள்ளி அமையுமா?’ என்று மூன்று பத்தியில் எழுதியவன் நான். அந்தச் செய்திக்காக இடத்தை அளந்து அளவு சொன்னவன் நீ. பள்ளி வந்தது. பள்ளி வந்ததால் ஏரிக்கரை ஓரத்துப் பட்டா நிலங்கள் மனையாயின. மனை வந்ததால் பேருந்து நின்றது. மகளின் மூன்று கட்டங்களையும் நிரப்பியது நாம் இருவரும்தான். யாரும் எங்கேயும் பொய்க் கையெழுத்துப் போடவில்லை. ஏரி வறண்டுவிட்டது என்று நாம் நம்பியது மட்டும்தான் நடந்தது.

அந்த வாரம் முழுக்க நீ சுவரைப் பற்றியே பேசினாய். மலைமேல் இருக்கிற கரியாலூரில் உனக்குத் தெரிந்த டீக்கடைக்காரருக்குத் தினமும் போன் போட்டு மழை உண்டா என்று கேட்டாய். மலையில் ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்தது, இங்கே தூறல்கூட இல்லை. மூன்றாம் நாள் கண்டக்டர் வீட்டுக் கோடு கருத்து, கூடத்துப் பெயிண்ட் பட்டையைத் தாண்டி ஒரு விரல் மேலே வந்திருந்தது. வாய்க்கால் மேலேதான் தூர்ந்திருக்கிறது, அடியில் தண்ணீருக்கு வழி தெரியும் என்றாய். ஒரு தடவை நடந்ததை உறுதி என்று எழுத முடியாது என்றேன். நீ சிரித்தாய்.

மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டதற்கு நீ சொன்ன யோசனை நல்ல யோசனை. “வாடகைக்கு ஒரு மழைக்காலம் இருந்து பாத்துட்டு அப்பறம் வாங்கச் சொல்லு.” நான் அதைப் பாதியாகத்தான் சொன்னேன். ஜூனில் வாடகைக்குப் போ, பத்திரப் பதிவை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மூன்று பத்திச் செய்தியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பங்குனியில் நீ போய்விட்டாய். அதற்கு நாலு நாள் முன்பு உன்னைப் பார்க்க வந்திருந்தேன். நெஞ்சு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாய். ஏரி நிறைந்தால் எதுவரை நிற்கும் என்று எழுதிக் கேள், பழைய ஆவணத்தில் கட்டாயம் இருக்கும் என்றாய். கேட்கிறேன் என்றேன். கேட்க எனக்கு ஆடி வரை ஆனது.

ஆடியில் கரியாலூரில் இரண்டு நாள் மழை. டீக்கடைக்காரர் பழக்கத்தில் எனக்குப் போன் செய்தார். மூன்றாம் நாள் மகள் வீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சுவரில் கோடு தெளிவாக நின்றது. அந்த வாரமே மனுவை எழுதிப் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது பீரோவையும் சோபாவையும் சுவரிலிருந்து தள்ளி நகர்த்தியிருந்தார்கள். மூலையில் அரக்கு பெயிண்ட் டின்னும் பிரஷும் இருந்தன. எதற்கு என்று கேட்டேன். மகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“பாப்பா கை வெச்சி அழுக்கு பண்ணுதுப்பா, அதான் பெயிண்ட்டு.”

அவளுக்கு அந்த வாக்கியத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அவளை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கு, ஒன்பது வீடு, டியூப், கரியாலூர் மழை, கடைசியாக அந்தச் செய்தி.

“தெரியும்பா” என்றாள். “செவுரு இப்டின்னு ஜூலையிலயே தெரியும். ஆனா பாப்பா நடந்தே ஸ்கூலுக்குப் போயிட்டு வருது. நான் டூட்டி முடிஞ்சி அர மணி நேரத்துல வூட்டுக்கு வந்துர்றேன். எங்க சம்பளத்துக்கு இதெல்லாம் வேற எங்கப்பா கெடைக்கும்?”

மூன்று கட்டங்களும் இப்போதும் நிரம்பித்தான் இருக்கின்றன. செய்தியாக எழுதப் போகிறேன் என்றபோது அவள் கண்டக்டர் பெண்ணின் கல்யாணத்தைச் சொன்னாள். முப்பது குடும்பத்தின் வீட்டை ஒரே காலையில் விலையில்லாமல் ஆக்கிவிடுவீர்கள் என்றாள். நாம் வாங்காவிட்டால் வாங்குவதற்கு சின்னசேலத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், அவருக்கு இரண்டு பிள்ளைகள், அவரிடம் யார் சொல்வது என்று நான் கேட்டேன். அவள் பெயிண்ட் டின்னை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

“அப்பா, ஸ்கூல் வேணும்னு எழுதினது தப்பா?”

உனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்குமா? எனக்குத் தெரியவில்லை என்றுதான் அவளிடம் சொன்னேன். பிள்ளைகள் நடந்த அந்த நாலு கிலோமீட்டரும் உண்மைதானே.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பதிவு ஆவணியில் இல்லை, மழைக்காலம் முடிந்த பிறகுதான். டின்னைக் கடையில் திருப்பிக் கொடுப்பது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும், அது எதுவானாலும், நான் எழுதுவது. அதில் பழைய செய்தியை எழுதியவன் நான்தான் என்பதையும் சேர்ப்பது. அதற்கு முன் முப்பது வீட்டுக்கும் நானே போய்ச் சொல்வது. மேல் தெருவில் ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை ஆறு வீடு. ஆறு பேரும் தங்கள் வீட்டில் மட்டும்தான் அப்படி என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தார்கள். கண்டக்டர் என்னிடம் பேசவில்லை. அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார்.

இத்தனை வருஷம் ஆட்களிடம்தான் கேள்வி கேட்டிருக்கிறேன். இடத்திடமும் கேட்க வேண்டும் என்பது உன்னிடமிருந்து எனக்கு வந்த பழக்கம். இப்போது எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் சுவரின் கீழ்ப்பகுதியைத்தான் பார்க்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு மழைக்காலம் இருந்து பாருங்கள் என்கிறேன்.

நேற்று நான் கிளம்பும்போது பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, உயரம் குறிக்கச் சொல்லிச் சுவரோடு ஒட்டி நின்றாள். தலைக்கு மேல் ஸ்கேலை வைத்து பென்சிலால் கோடு போட்டேன். திரும்பிப் பார்த்தாள். ஈரக்கோடு அதற்கு நாலு விரல் மேலே இருந்தது.

“தாத்தா, மழ வரதுக்குள்ள நான் அந்தக் கோட்டுக்கு மேல வளந்துடுவேனா?” என்று கேட்டாள்.

பொதுப்பணித் துறையின் பதில் முப்பது நாளுக்குள் வரவேண்டும். ஐப்பசிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.